கார்த்திகையில் பூத்த காபி

“இதுல என்ன தப்பு இருக்கு?”

தீபிகா அக்கா என்னிடம் முதன்முதலில் கேட்டது இதுதான். பேர் என்ன, என்ன படிக்கிறாய், ஏன் நின்றுவிட்டாய் என்று எல்லோரும் கேட்கிற எதையும் அவர் கேட்கவில்லை. பங்களாவுக்கு ஏறி வரும் பாதையின் முனையில் அன்று காலையில்தான் படப்பிடிப்புக்காக ஒரு கல்லை நட்டிருந்தார்கள். தெர்மாகோலில் செதுக்கி, வெள்ளையும் மஞ்சளும் அடித்து, பாசி பிடித்ததுபோல் ஓரங்களில் பச்சையும் தடவிய கல். அதன்முன் இடுப்பில் கைவைத்து அவர் நின்றிருந்தார். துடைப்பத்தோடு அந்தப் பக்கம் வந்த நான் கல்லைப் பார்த்துவிட்டு ஒரு நொடி தயங்கினேன். அதைக் கவனித்துத்தான் கேட்டார்.

தெரியாதவர்கள் கேட்டால் எனக்குப் பதில் வராது. தெரிந்தவர்கள் கேட்டாலும் பாதி நேரம் வராது. அந்தக் கேள்விக்கு மட்டும் எப்படியோ வந்துவிட்டது.

“மைல்னு இருக்கோணுங்க.”

“என்னது?”

“கிலோமீட்டர்னு போட்டிருக்குதுங்க. அப்பெல்லாம் மைலுதானுங்க.”

அவர் கல்லைத் திரும்பிப் பார்த்தார். ‘ஏற்காடு 8 கி.மீ.’ என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. பிறகு தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தார்.

“நாலு பேர் வந்து பார்த்தோம்மா. நாலு பேரும் பாசி சரியா இருக்கான்னுதான் பார்த்தோம். உனக்கு எப்படித் தெரியும்?”

“மழை நோட்டுல பாத்தேனுங்க.”

பங்களாவின் பின்னறையில் எஸ்டேட்டின் பழைய கணக்குப் புத்தகங்கள் மரப்பெட்டிகளில் கிடக்கின்றன. அவற்றில் ஒரு பெட்டி முழுக்க மழை நோட்டு. அந்தந்த நாள் பெய்த மழையை எஸ்டேட் கணக்கரான ரைட்டர் அளந்து எழுதியது. பழைய நோட்டுகளில் எல்லாம் அங்குலம். ஒரு வருடத்தின் நடுவில், சிவப்பு மையில், ‘இன்று முதல் மில்லிமீட்டர்’ என்று ஒரு வரி. அந்த வரிக்குப் பிறகு எல்லாமே மாறிவிடும். மைல் கிலோமீட்டர் ஆகும், ராத்தல் கிலோ ஆகும், அணா பைசா ஆகும். அப்பா சின்னராஜ் அந்தப் பங்களாவுக்குக் காவல்காரர். பங்களா பூட்டியே கிடந்த மாதங்களில் நான் அந்தப் பெட்டிகளோடு உட்கார்ந்திருப்பேன். எங்கள் ஊரான தலைச்சோலையில் என் வயதுப் பெண்கள் எல்லோரும் காலை பஸ்ஸில் ஏற்காட்டுக்குப் போய்விடுவார்கள். நானும் போய்க்கொண்டிருந்தவள்தான். பதினொன்றாம் வகுப்பில் ஒரு டீச்சர் என்னை எழுப்பிப் பாடம் வாசிக்கச் சொன்னார். நின்றேன். வாய் திறக்கவில்லை. மறுநாளும் எழுப்பினார், மறுநாளும் நின்றேன். “வாய்க்குள்ள என்ன வெச்சிருக்க, கொழுக்கட்டையா?” என்றார். வகுப்பு சிரித்தது. அடுத்த வாரம் பஸ் வந்தபோது நான் ஏறவில்லை. பெரிய காரணம் எதுவும் இல்லை. அவ்வளவுதான்.

போன ஐப்பசிக் கடைசியில், பங்களாவை ஒரு தொலைக்காட்சித் தொடருக்காக இரண்டு மாதத்துக்கு வாடகைக்கு எடுத்தார்கள். தொடரின் பெயர் ‘நாளைய நிலையம்’. 1954இல் சேர்வராயன் மலையில் ஓர் எஸ்டேட். அங்கே ரைட்டர் மனைவி ஒருத்தி ரேடியோவைத் திருப்பும்போது எழுபது வருடம் கழித்துப் பேசுகிற குரல் அதில் கேட்கிறது. அந்தக் குரல் சொல்வதெல்லாம் நடக்கிறது. ஒவ்வொரு பகுதியும் தொடங்கும்போது திரையில் தேதி வரும். கதையே தேதியில்தான் இருக்கிறது. அந்தக் காலத்துச் சுவர், பாத்திரம், பலகை, கடிதம், செருப்பு எல்லாவற்றுக்கும் பொறுப்பு தீபிகா அக்காதான். சென்னையிலிருந்து வந்தவர். முப்பத்திரண்டு முப்பத்து மூன்று வயது இருக்கும். முடியைக் கழுத்தளவுக்கு வெட்டியிருந்தார். விரல் இடுக்குகளில் எப்போதும் பெயிண்ட்.

“பதினோரு வருஷம் அடுத்தவங்க பேருக்குக் கீழ வேலை பார்த்திருக்கேன்,” என்று அந்தக் கல்லின் முன்னாலேயே சொன்னார். “இதுலதான் முதல் தடவையா என் பேர் தனியா வரப்போகுது. ‘கலை: தீபிகா’ன்னு ஒரே ஒரு வரி. இந்த மாதிரிக் கதைக்குப் பார்க்க உட்கார்றவன் எல்லாம் தப்புக் கண்டுபிடிக்கத்தான் உட்காருவான். ஒரு கி.மீ. போதும், என்னைக் கிழிச்சுத் தொங்க விட்டுடுவான். தினம் காலைல என்கூட ஒரு சுத்து வர்றியா? இதே கேள்வியத்தான் கேப்பேன். தோணுறதச் சொல்லு.”

நான் தலையாட்டினேன்.

“வாயால சொல்லணும்.”

“சரிங்க்கா.”

அதற்குப் பிறகு ஏறக்குறைய இருபது நாள், காலையில் பனி விலகுவதற்கு முன்னால் நாங்கள் இருவரும் பங்களாவைச் சுற்றி நடந்தோம். அவர் ஒவ்வொரு பொருளின் முன்னாலும் நின்று, “இதுல?” என்பார். பஸ்ஸின் நெற்றியில் ‘தமிழ்நாடு’ என்று இருந்ததை நான் சொன்னேன். பின்னறையிலிருந்த பழைய கடிதங்களில் சென்னை ராஜ்யம் என்றுதான் முத்திரை இருந்தது. ரைட்டர் எழுதும் கடிதத்தில் ஆறு இலக்கப் பின்கோடு போட்டிருந்தார்கள். அதை எடுத்துவிட்டு ‘சேலம் ஜில்லா’ என்று எழுதினார்கள். காபிப் பழம் பறிக்கிற காட்சிக்கு ஊர்ப் பெண்களைக் கூட்டி வந்தபோது எல்லோரும் யூரியாப் பையை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். தினமும் கட்டுவதுதானே, யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை. அவற்றை அவிழ்த்துவிட்டுச் சணல் சாக்கைக் கட்டச் சொன்னதும் எங்கள் பக்கத்து வீட்டுச் சென்னம்மாள் பெரியம்மா என்னைப் பார்த்து, “ஏ கண்ணு, இது உன்ற வேலதான? சாக்கு அரிக்குது சாமி. அம்பத்தி நாலுல இருந்தவிய எல்லாம் சொறிஞ்சுக்கிட்டேதான் பழம் பறிச்சாங்களா?” என்றார். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

நானும் தப்பாகச் சொல்லியிருக்கிறேன். டார்ச் லைட் அப்போது கிடையாது என்று அடித்துச் சொன்னேன். அக்கா தன் போனில் ஒரு பழைய விளம்பரத்தைக் காட்டினார். டார்ச் லைட் அதற்கு முன்பே இருந்திருக்கிறது. “இது எனக்கு ஒண்ணு,” என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். பதினாறு எனக்கு, ஒன்று அவருக்கு.

என்னிடம் நோட்டுகள் இருந்தன. யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். இடது பக்கத்தில் யாராவது என்னைக் கேட்ட கேள்வியை எழுதுவேன். வலது பக்கத்தில் நான் சொல்லியிருக்க வேண்டிய பதில். பஸ்ஸில் கண்டக்டர் கேட்டது, ரேஷன் கடையில் கேட்டது, அந்த டீச்சர் கேட்டது, எல்லாம் அதில் இருக்கின்றன. டீச்சரின் கேள்விக்கு மட்டும் ஆறு பக்கம் பதில் எழுதியிருக்கிறேன். அக்கா வந்த பிறகு முதல்முறையாக, ஏற்கெனவே வாயால் சொல்லி முடித்த பதில்களை வலது பக்கத்தில் எழுதினேன். எழுதும்போது கை வேகமாகப் போயிற்று. ஏதோ ஒருவர் பின்னால் நின்று வாசிப்பதுபோல் இருந்தது. அது பிடித்திருந்தது.

பிறகு ரேடியோ காட்சி வந்தது.

ரைட்டர் மனைவி முதன்முதலில் அந்தக் குரலைக் கேட்கிற காட்சி. ஹாலில் இருந்த பங்களாவின் பழைய மர ரேடியோவைத்தான் வைத்திருந்தார்கள். ஒத்திகையில் நடிகை குமிழைத் திருகினார். திருகியதும் குரல் பேசியது. பக்கத்திலிருந்த அக்காவின் காதில் நான் சொன்னேன்.

“உடனே பேசாதுங்க்கா. சூடாகோணுங்க. அந்தப் பச்ச வெளிச்சம் மெதுவா வரும். முப்பது எண்ற வரைக்கும் ஒண்ணுமே கேக்காதுங்க.”

சிறுவயதில் அது ஓடிக்கொண்டிருந்தபோது அதன்முன் உட்கார்ந்து எண்ணியிருக்கிறேன். சில நாள் முப்பது, குளிர் நாளில் நாற்பது.

அக்கா நேராக இயக்குநர் கமலக்கண்ணனிடம் போனார். வால்வு ரேடியோ சூடாக நேரம் எடுக்கும் என்றும், அந்த முப்பது நொடியும் நடிகை காத்திருக்கட்டும் என்றும் சொன்னார். இயக்குநர் கொஞ்சம் யோசித்தார். “எடுத்துப் பார்க்கலாம்” என்றார். எடுத்தார்கள். நடிகை குமிழைத் திருகிவிட்டுக் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்தார். ஹால் முழுக்க ஒரு சத்தமும் இல்லை. பச்சை வெளிச்சம் அவர் முகத்தில் மெல்ல ஏறியது. குரல் வந்தபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது.

இயக்குநர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். “தீபிகா! இதை எங்கே பிடிச்ச?”

“ரிசர்ச் சார். நாலு இடத்துல விசாரிச்சேன்.”

“எல்லாரும் ஒரு தடவை கை தட்டுங்கப்பா.”

எல்லோரும் தட்டினார்கள். நான் சமையலறை வாசலில் டீத் தட்டோடு நின்றிருந்தேன். அக்காவின் பார்வை ஒருமுறை என் பக்கம் வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். டீ ஆறியது. யாரோ தட்டை வாங்கிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் காலை சுற்று முடிந்ததும் அவர் எனக்கு ஒரு பெரிய சாக்லேட் கொடுத்தார். எதற்கு என்று சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. அன்று அவர் கேட்ட இரண்டு மூன்று கேள்விகளுக்கு, “தெரியலீங்க்கா” என்றேன். இரண்டு தெரியாததுதான். ஒன்று தெரியும்.

அடுத்த வாரம் இயக்குநருக்கு ஒரு புகைப்படம் கிடைத்தது. யாரோ அவர் போனுக்கு அனுப்பியது. காபித் தோட்டம் முழுக்கப் பூத்து, பனி விழுந்ததுபோல் கிளைகள் எல்லாம் வெள்ளையாக இருக்கும் படம். கதாநாயகி எதிர்காலக் குரலைக் கேட்ட மறுநாள் காலையில் இப்படி ஒரு வெள்ளைக்குள் நடந்து போக வேண்டும், சுற்றிலும் பெண்கள் சிவப்புப் பழம் பறித்துக்கொண்டிருக்க வேண்டும் என்றார். சிவப்பும் வெள்ளையும். திரையில் வரும் தேதி 1954 டிசம்பர் 8.

தோட்டத்தில் பழம் இருந்தது. பூ எப்படி இருக்கும்? பங்குனியில் ஒரு மழை பெய்ய வேண்டும். அது பெய்து எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, ஒரே விடியலில் மலை முழுக்கப் பூக்கும். மூன்று நாள் இருக்கும். நாலாம் நாள் பழுப்பாகிவிடும். அந்தப் பூ காயாகிப் பழமாகக் கார்த்திகை ஆகும். இது எனக்குத்தான் தெரியும் என்றில்லை. தலைச்சோலையில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும்.

அக்கா சேலத்திலிருந்து மூட்டை மூட்டையாக வெள்ளைத் துணிக்காகிதம் வரவழைத்தார். காபி காயவைக்கும் களத்தை ஒட்டிய கொட்டகையில் ஊர்ப் பெண்கள் இருபத்தைந்து பேர் உட்கார்ந்து நான்கு நாள் பூ செய்தோம். ஐந்து இதழ், நடுவில் நூல், கொத்துக் கொத்தாகக் கட்டி, மெல்லிய கம்பியால் கிளையில் சுற்ற வேண்டும்.

“ஏ கவி,” என்றார் சென்னம்மாள் பெரியம்மா, நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே. “உங்கக்கா பங்குனி மாசத்த இப்பவே வரச் சொல்லி ஆளனுப்பீட்டாங்களாட்ட இருக்குது?”

கொட்டகை சிரித்தது.

“பழத்துக்குப் பக்கத்துலயே பூவாமா,” என்றது இன்னொரு குரல். “பேத்திக்கு வளைகாப்புப் போடறன்னிக்கே பாட்டிய பொண்ணு பாக்க வந்தாப்பல.”

“பாட்டி சம்மதிச்சாளாடி?”

“ஏன், உனக்கு ஆசையா இருக்குதா?”

சிரிப்பு அடங்க நேரமானது. கிளியூரிலிருந்து வந்திருந்த ஒரு சின்னப் பெண் மட்டும், “அந்தக்காட்ட சொல்லலாமுங்களா?” என்று கேட்டாள்.

“நாம சொல்லியா?” பெரியம்மா அடுத்த கொத்தை எடுத்தார். “ரேடியோப் பொட்டி எழுவது வருசத்துக்கு அப்பறம் நடக்கறத இப்பவே சொல்லுதாமா. அதுக்கே பேசாம இருக்கறோம். காப்பி நாலு மாசம் முன்னால பூத்துட்டா என்ன கெட்டுப் போச்சு? படத்துக்கு அப்பிடி வேணுமாட்ட இருக்குது. நீ நூலக் கட்டு சாமி.”

நானும் கட்டினேன்.

அந்த நான்கு நாளும் காலைச் சுற்று இல்லை. அக்காவுக்குத் தூக்கமே இல்லை. கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. கொட்டகைக்கும் தோட்டத்துக்கும் ஓடிக்கொண்டிருந்தார். என்னைத் தாண்டிப் போகும்போது தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவார். நின்று, “இதுல?” என்று கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முதல் நாள் அதை நம்பினேன். மூன்றாம் நாள், கேட்காமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாள் மதியம் கடைசிக் கிளையையும் கட்டி முடித்தோம். அரை ஏக்கர் இருக்கும், அத்தனையும் வெள்ளை. அக்கா என் பக்கத்தில் வந்து நின்றார். விரல் முழுக்கக் கம்பி கீறிய கோடுகள்.

“எப்படி இருக்கு கவி?”

அவர் முகத்தைப் பார்த்தேன். ஒரு குழந்தை ஓவியத்தைக் காட்டுவதுபோல் நின்றிருந்தார். வாயில் பதில் இருந்தது. நாலே வார்த்தை. இப்போது பூக்காதுங்க அக்கா, பங்குனியிலதானுங்க. அதோடு கூடவே ஹாலில் கேட்ட கைதட்டலும் இருந்தது.

“நொம்ப நல்லா இருக்குதுங்க்கா,” என்றேன்.

பொய் இல்லை. நன்றாகத்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் நோட்டில் எழுதினேன். இடது பக்கத்தில் அவர் கேட்ட கேள்வியை எழுதவில்லை, வெறுமனே விட்டேன். வலது பக்கத்தில் இப்படி: ‘இன்று பூ கட்டி முடித்தோம். கார்த்திகையில் காபி பூக்காது. பழமும் பூவும் சேர்ந்து இருக்காது. ஊருக்கே தெரியும். அக்கா என்னைக் கேட்கவில்லை. ரேடியோவைக் கண்டுபிடித்தவர் இதையும் கண்டுபிடிக்கட்டும்.’

கடைசி வரியை எழுதும்போது எழுத்து அழகாக வந்தது. அதை இப்போதும் நினைவு வைத்திருக்கிறேன்.

மறுநாள் காலை பனிக்குள் படம் எடுத்தார்கள். நடிகை கைத்தறிப் புடவையில் அந்த வெள்ளைக்குள் நடந்து வந்தார். கேமரா பின்னால் போயிற்று. சுற்றிலும் எங்கள் பெண்கள் சாக்கைக் கட்டிக்கொண்டு பழம் பறித்தார்கள். ஒரு தேனீகூட இல்லை. நிஜமாகப் பூத்திருந்தால் மலையே இரைந்துகொண்டிருக்கும், பேசுவதுகூடக் கேட்காது. வாசனையும் இல்லை, பசை வாடை மட்டும் இருந்தது. திரையில் இது எதுவும் தெரியாது. “பர்ஃபெக்ட்,” என்றார் இயக்குநர். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பன்னிரண்டு நாள் கழித்துத் தொடரின் முன்னோட்டத்தை வெளியிட்டார்கள். பங்களாவில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும்தான் போனில் சிக்னல் வரும். காலை பத்து மணிக்கு எல்லோரும் தொட்டியைச் சுற்றி நின்றிருந்தார்கள். முதலில் ஒருவரை ஒருவர் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். யாரோ விசில் அடித்தார்கள். பதினொரு மணிக்கு விசில் இல்லை. ஒவ்வொருவராகப் போனைத் தாழ்த்திக்கொண்டு நகர்ந்தார்கள்.

முன்னோட்டத்தில் அந்தப் பூக்காட்சிதான் நீளமானது. அதன்மேலேயே ‘1954 டிசம்பர் 8’ என்று பெரிதாகத் தேதி. காபித் தோட்டம் வைத்திருக்கிறவர்கள், தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள், சுற்றுலா வந்து போனவர்கள், எங்கெங்கோ இருக்கிறவர்கள் எல்லாம் கீழே எழுதித் தள்ளியிருந்தார்கள். ‘ரேடியோ எதிர்காலத்தைச் சொல்வதை நம்புகிறேன், டிசம்பரில் காபி பூத்ததை நம்ப முடியவில்லை.’ ‘காலப் பயணம் செய்தது காபிச் செடி.’ ‘பூவும் பழமும் ஒரே தட்டில், யாருப்பா ஆர்ட் டைரக்டர்?’ அந்தக் கடைசிக் கேள்விக்கு ஆயிரத்துக்கு மேல் லைக் விழுந்திருந்தது.

இயக்குநர் எல்லோர் முன்னாலும்தான் பேசினார்.

“நீங்கதான் சார் பூ கேட்டீங்க,” என்றார் அக்கா.

“நான் கேப்பேன். நான் யானை பறக்கணும்னுகூடக் கேப்பேன். ஆகாதுன்னு சொல்றதுக்குத்தானே உன்ன வெச்சிருக்கேன்?”

“தேதிய மாத்திடலாம் சார். மார்ச்னு போட்டா…”

“பழம்? அந்தப் பொம்பளைங்க கையில இருக்கிற பழத்த என்ன பண்றது? அடுத்த நாலு எபிசோட் டிசம்பர்லதான் ஓடுது, அதை என்ன பண்றது?” குரலைத் தாழ்த்தினார். அது இன்னும் மோசமாக இருந்தது. “மதியத்துக்குள்ள வேற ஆள் வர்றார். மிச்சத்த அவர் பார்த்துப்பார். பேரும் அவர் பேர்தான் போகும். உன் பேர உதவின்னு போடச் சொல்றேன்.”

அக்கா திரும்பி, கொட்டகைப் பக்கம் நடந்து வந்தார். அங்கே எங்கள் பெண்கள் காகிதப் பூவைக் கிளைகளிலிருந்து பிரித்து மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். நானும் இருந்தேன்.

“சென்னம்மாக்கா,” என்றார். “காபி டிசம்பர்ல பூக்காதுன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாம என்னங்க? பங்குனில மழ பேஞ்சாத்தானுங்களே பூக்கும்.”

“எல்லாருக்குமே தெரியுமா?”

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ தலையாட்டினார்கள்.

“அப்ப ஏன் யாரும் சொல்லல?”

“ஏனுங்க, நீங்க கேக்கவே இல்லீங்களே,” என்றார் பெரியம்மா. கிண்டலாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். “சினிமாவுக்கு வேணுமுன்னு நெனச்சோமுங்க. மைல்கல்ல மாத்துனீங்க, எங்க பையக்கூட மாத்துனீங்க. அத்தன தெரிஞ்சவிய இதையும் தெரிஞ்சுதான் செய்யறாங்கன்னு இருந்துட்டோமுங்க. இந்தப் புள்ள கூடவே சுத்திக்கிட்டு இருந்துச்சுங்களே. எப்பப் பாரு நோட்டுல வேற எழுதிக்கிட்டு இருக்கும். அது சொல்லியிருக்குமுன்னு நெனச்சோமுங்க.”

அக்கா என்னைப் பார்த்தார்.

“கவி?”

நான் எழுந்து நின்றேன். மடியிலிருந்த பூவெல்லாம் கீழே கொட்டியது. பதினொன்றாம் வகுப்பில் நின்றதுபோலவே நின்றேன். அவர் காத்திருந்தார். முப்பது எண்ணும் நேரத்துக்கும் மேலாகவே காத்திருந்தார். பிறகு மெதுவாகத் தலையை அசைத்துவிட்டு, சாமான்களை எடுத்து வைக்கப் போனார்.

நான் பின்னறைக்கு ஓடினேன். மரப்பெட்டியின் அடியிலிருந்து அந்த நோட்டை எடுத்தேன். அப்போது நான் என்ன நினைத்தேன் என்பதை எழுதியாக வேண்டும். அதில் இருபது காலைகள் இருந்தன. பனி, பஸ், பின்கோடு, டார்ச் லைட், பதினாறு எனக்கு, ஒன்று அவருக்கு. அவர் சிரித்ததையெல்லாம் எழுதியிருந்தேன். என்னைக் கேள்வி கேட்டு, பதில் வரும்வரை நிற்கிற ஒரே ஆள் என்று ஓரிடத்தில் எழுதியிருந்தேன். முதல் பக்கத்திலிருந்து படித்தால் அவருக்குப் புரியும் என்று நினைத்தேன். வாயால் ஆகாததை நோட்டு சொல்லிவிடும். கடைசியில் இருக்கிற அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாம் என்றும் தோன்றியது. விரல் அதன் ஓரத்தைப் பிடித்தது. கிழித்தால் அது இன்னொரு பொய்யாகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

குப்பனூர் வழியாகச் சேலத்துக்கு இறங்கும் வண்டி பங்களா வாசலில் நின்றிருந்தது. டிரைவர் அவருடைய இரண்டு பெட்டிகளையும் பின்னால் ஏற்றிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் யாரும் வெளியே வரவில்லை. உள்ளே எங்கோ சுவரில் ஆணி அடிக்கிற சத்தம் கேட்டது. அடுத்த காட்சிக்கு வேலை தொடங்கிவிட்டது.

நோட்டை இரண்டு கையாலும் நீட்டினேன்.

அவர் வாங்கினார். அட்டையைப் பார்த்தார். என் பெயரும் வகுப்பும் எழுதி, வகுப்பை அடித்திருந்தேன். திறந்தார். கொஞ்சம் தள்ளி எங்கோ நடுவில் திறந்தது, ரேடியோ காட்சிக்கு முந்தைய நாளாக இருக்க வேண்டும். ஒரு வரி படித்தார். உதட்டோரம் அசைந்ததுபோல் இருந்தது. முன்னால் போங்கள் அக்கா, முதல் பக்கத்துக்குப் போங்கள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் தாள்களைப் பின்பக்கமாகத் தள்ளினார். தேதியைத் தேடினார். பூ கட்டி முடித்த தேதி அவருக்கு மறக்குமா?

இடது பக்கம் வெறுமையாக இருந்த அந்த இடத்தில் நிறுத்தினார்.

ஆறு வரிதான். அவர் படித்த நேரத்தில் ஐம்பது வரி படித்திருக்கலாம். காற்றில் தாளின் முனை தூக்கிக்கொண்டது, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தார். நகத்தில் இன்னும் வெள்ளைப் பசை காய்ந்திருந்தது.

“அக்கா,” என்றேன். சத்தம் வந்தது. “அக்கா, நானுங்க…”

அதற்குமேல் வரவில்லை. வந்திருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதும் தெரியவில்லை.

அவர் நோட்டை மூடினார். சண்டை போடுவார் என்று நினைத்தேன். நான் செய்ததும் தப்புதான் கவி, அன்னிக்கு ஹால்ல உன் பேர சொல்லியிருக்கணும் என்று சொல்வார் என்றும் நினைத்தேன். இரண்டில் எது வந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றேன். அவர் குனிந்து நோட்டைப் பங்களாவின் கீழ்ப்படியில் வைத்தார். ஈரமில்லாத இடமாகப் பார்த்து வைத்தார். வண்டியில் ஏறிக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டார். டிரைவர் என்னைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். அக்கா முன்பக்கமாகக் கையை அசைத்ததும் வண்டி நகர்ந்தது.